மேசா வெர்டே பாறைக் குடியிருப்புகள்

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத் தென்மேற்கு மூலையில், பியூப்ளோ மக்களின் முன்னோர் செங்குத்துப் பாறைகளின் குடைவுகளுக்குள் கட்டிய கல்வீடுகள். இப்பகுதி 1906இல் தேசியப் பூங்காவானது; 1978இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது.

பாறை வீடுகளால் புகழ்பெற்றாலும், இங்கு வாழ்ந்த ஏழு நூற்றாண்டுகளில் பெரும்பகுதியை இம்மக்கள் மேட்டுச் சமவெளியில்தான் கழித்தனர். மக்காச்சோளமும் அவரையும் பூசணியும் பயிரிட்டு, வான்கோழி வளர்த்தனர். 12ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான் பலர் குடைவுகளுக்குள் குடியேறினர். பகைக்கு அஞ்சியா, வேறு காரணமா என்பதில் ஆய்வாளர்களிடையே ஒருமித்த கருத்தில்லை. நீர் வசதி இருந்தது உறுதி. மேலே பெய்யும் மழையும் பனியும் மணற்பாறையில் இறங்கி, அடியிலுள்ள களிப்பாறையில் தடைபட்டு, குடைவின் பின்சுவரில் ஊற்றாகக் கசியும். அந்தக் குடைவுகளை அரித்து உண்டாக்கியதும் இதே கசிவுதான்.

பூங்காவில் சுமார் 600 பாறைக் குடியிருப்புகள் உண்டு. பெரும்பாலானவை ஐந்து அறைகளுக்கு மேற்படாதவை. மிகப் பெரியதான கிளிஃப் பேலஸில் ஏறத்தாழ 150 அறைகளும் 23 கிவாக்களும் இருந்தன. வாழ்ந்தவர்களோ சுமார் நூறு பேர். கிவா என்பது தரைக்குக் கீழே வட்டமாகக் கட்டிய சடங்குக்கூடம். கூரைத் திறப்பு வழியே ஏணியில் இறங்க வேண்டும். நடுவில் அடுப்புக்குழி, புதுக்காற்று வரத் தனிப் புழை, அக்காற்று நெருப்பில் நேரே மோதாதிருக்க ஒரு தடுப்புக்கல் என அமைந்த அதன் காற்றோட்ட ஏற்பாடு, சுவர்களின் உயரத்தைவிட வியக்கத்தக்கது. உலோகக் கருவியோ சுமைவிலங்கோ இன்றிக் கட்டியவை இவை.

1276 முதல் 1299 வரை நீண்ட வறட்சியை மரவளையங்கள் காட்டுகின்றன. 1300க்குள் அனைவரும் தெற்கே பெயர்ந்துவிட்டனர். "மாயமாய் மறைந்த மக்கள்" என்று சுற்றுலாக் கதைகள் சொல்வது தவறு. ஹோப்பி, ஸூனி, ஆக்கோமா உள்ளிட்ட இன்றைய பியூப்ளோ சமூகங்கள் இவர்களின் வழித்தோன்றல்களே. 1891இல் ஸ்வீடனைச் சேர்ந்த குஸ்டாஃப் நோர்டன்ஷோல்ட் இங்கிருந்து அகழ்ந்தெடுத்துச் சென்ற தொல்பொருள் தொகுப்பு பின்னர் ஹெல்சிங்கியை அடைந்தது. அதிலிருந்த மனித எச்சங்களும் ஈமப்பொருள்களும் 2020இல்தான் இச்சமூகங்களிடம் திரும்பின.

ஒரு நாளில் எல்லாவற்றையும் பார்க்க நினைப்பது வீண். பூங்கா வாயிலிலிருந்து கிளிஃப் பேலஸை அடையவே வளைந்த மலைச்சாலையில் முக்கால் மணி நேரத்துக்கு மேலாகும். அதனுள்ளும் பால்கனி ஹவுஸ் என்ற மற்றொரு குடியிருப்பினுள்ளும் முன்பதிவுச் சீட்டுடன், பூங்கா வழிகாட்டியோடு மட்டுமே செல்லலாம். குளிர்காலத்தில் அனுமதி இல்லை. பால்கனி ஹவுஸில் 32 அடி ஏணி ஏறி, குறுகிய சுரங்கத்தில் தவழ வேண்டும். உயரத்துக்கு அஞ்சுவோர் கிளிஃப் பேலஸைத் தேர்வது நல்லது. ஸ்புரூஸ் ட்ரீ ஹவுஸ் என்ற குடியிருப்பு பாறைச் சரிவு அபாயத்தால் 2015 முதல் மூடப்பட்டுள்ளது. அதைப் பூங்கா அருங்காட்சியகத்தின் அருகிலிருந்து பார்க்கலாம்.