தொப்பி மேல் தப்பில்லை

அம்பத்தூர் ஓ.டி.யில் ஒரு சின்ன எக்ஸ்ரே நிலையத்தில் முப்பது வருஷம் படம் எடுத்தவன் நான். ஆனாலும் பேஜட் எலும்பு நோயின் கதையைத் தொப்பியிலிருந்துதான் தொடங்குவேன்.

1856-இல் லண்டன் அறுவை மருத்துவர் ஜேம்ஸ் பேஜட்டிடம் 46 வயதுக்காரர் ஒருவர் வந்தார். பேஜட் அவரை இருபது வருஷம் விடாமல் கவனித்தார். கால் வில்லாக வளைந்தது, முதுகு கூனியது. 1844-இல் 22½ அங்குலமாக இருந்த தொப்பிச் சுற்றளவு 1876-இல் 27¼ ஆனது! அந்த நவம்பரில் பேஜட் இதைப் பற்றிக் கட்டுரை வாசித்தபோது, எக்ஸ்ரே பிறக்க இன்னும் 19 வருஷம் இருந்தது. அதுவரை இஞ்சு டேப்தான் கருவி.

1929-இல் கே என்பவர், இந்த நோயில் ரத்தத்தில் பாஸ்படேஸ் என்ற நொதி எகிறுவதைக் காட்டினார். ஆனால் நம் ஊரில் இது அபூர்வமான நோய். வேலூர் சிஎம்சி மருத்துவர்களும் இதைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். அபூர்வம் என்பதாலேயே யாரும் தேடுவதில்லை, மூட்டுவலி என்று தைலத்தோடு போய்விடும்.

1990-களில் ஆவடியிலிருந்து ஓய்வுபெற்ற போலீஸ்காரர் ஒருவர், சைக்கிளிலிருந்து விழுந்து இடுப்பு வலியோடு வந்தார். டார்க் ரூமில் ஃபிலிமைக் கழுவித் தூக்கினால், வலது இடுப்பெலும்பு மட்டும் தடித்து வெள்ளையாக, கோடு கோடாக. என் கணக்குத்தான் பிசகிவிட்டது என்று நினைத்து, கிலோவோல்ட்டை ஏற்றி மறுபடி எடுத்தேன். அப்படியேதான் வந்தது. ஒரு ஃபிலிம் தண்டம், முதலாளியிடம் திட்டும் கிடைத்தது.

ஈரம் காயாத படத்தைப் பார்த்த டாக்டர், "தலையையும் எடுப்பா" என்றார். மண்டையோடு முழுக்கப் பஞ்சைப் பிய்த்துப் போட்ட மாதிரி திட்டுத் திட்டாக இருந்தது. மேஜையில் படுத்தபடியே பெரியவர் சொன்னார்: "பழைய தொப்பி சுருங்கிப் போச்சு தம்பி. ஏறவே மாட்டேங்குது."

ரத்தத்தில் கால்சியம் சரியாகவே இருந்தது, ஆல்கலைன் பாஸ்படேஸ் மட்டும் பல மடங்கு. எங்கெங்கே பரவியிருக்கிறது என்று பார்க்க டவுனுக்கு எலும்பு ஸ்கேன் எடுக்க அனுப்பினார்கள். 1971-இல் கோபால் சுப்பிரமணியனும் மெக்காஃபியும் கதிரியக்க டெக்னீஷியத்தைப் பாஸ்பேட்டோடு சேர்த்துக் கொடுத்த வழி அது. எலும்பு எங்கே மும்முரமாக இடிந்து கட்டப்படுகிறதோ அங்கே மருந்து குவியும். அவர் கொண்டுவந்த படத்தில் வலது இடுப்பும் மண்டையும் கன்னங்கரேல் என்றிருந்தன.

படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டி விளக்கினேன். வெகுநேரம் பார்த்துவிட்டு, "அப்போ தொப்பி மேல தப்பில்லை" என்றார்.