சேட்டை உள்ளே விடு

சென்ற மாதம் வெள்ளவத்தையில் எங்கள் குடும்பத்தில் ஒரு திருமணம் நடந்தது. ரொறொன்ரோவிலிருந்து வந்திருந்த என் தமக்கையின் மகன் மாலை வரவேற்புக்கு ஆயத்தமாகிக் கூடத்துக்கு வந்து நின்றான். கருநீலக் கோட்டு, உள்ளே வெள்ளைச் சேட்டு, ரை கட்டவில்லை. சேட்டின் கீழ்விளிம்பு கோட்டுக்கு வெளியே நாலு விரற்கடை தொங்கிக்கொண்டிருந்தது.

சாய்மனைக் கதிரையில் இருந்த என் தந்தையார் அவனை மேலும் கீழுமாகப் பார்த்தார். அவருக்கு இப்போது தொண்ணூறு வயது.

"சேட்டை உள்ளுக்கு விடு ராசா."

"இப்ப இதுதான் ஸ்டைல், அம்மப்பா."

அவன் சிரித்தான். அவர் சிரிக்கவில்லை. மெல்ல எழுந்து வந்து, நடுங்கும் விரல்களால் அந்தச் சேட்டின் நுனியைப் பிடித்துக்கொண்டு மறுபடியும் அதையே சொன்னார். பையன் பேசாமல் உள்ளே போய் விட்டுக்கொண்டு வந்தான். வாகனத்தில் போகும்போது என்னிடம் கேட்டான்: "மாமா, கோட்டுக்குள்ள போட்டால் கட்டாயம் உள்ளுக்கு விடத்தான் வேணுமோ?"

அப்போது நான் சொன்னது தையற்காரரின் பதில். சேட்டின் கீழ்விளிம்பைப் பார்க்க வேண்டும். முன்னும் பின்னும் வளைந்து நீண்டிருந்தால் அது உள்ளே விடுவதற்காக வெட்டப்பட்டது. நேராக வெட்டி மடித்துத் தைத்திருந்தால் வெளியே விடலாம். ஐரோப்பாவில் சேட்டு நெடுங்காலம் உள்ளாடையாகவே கருதப்பட்டது. அதன் நீண்ட வால் காற்சட்டைக்குள் மறைந்திருக்க வேண்டும். அது வெளியே தெரிவது உள்ளாடையுடன் தெருவில் இறங்குவதற்குச் சமம். கோட்டும் சேட்டும் பற்றிய விதிகள் இந்த எண்ணத்திலிருந்தே வந்தன. மறுபுறம், பிலிப்பைன்ஸ் மக்களின் பாரொங்கும் ஹவாயின் பூப்போட்ட சேட்டும் வெளியே விடுவதற்கென்றே பிறந்தவை. வெப்ப நாடுகளுக்கு அது பொருந்தியும் வருகிறது.

இந்தப் பதிலில் பிழையில்லை. ஆனால் என் தந்தையாரின் விரல்கள் ஏன் நடுங்கின என்பதற்கு அதில் விடையில்லை. அதைச் சொல்லக் கொழும்பின் கதையைச் சொல்ல வேண்டும்.

இந்த உடுப்புகளின் பெயர்களைப் பாருங்கள். யாழ்ப்பாணத்தில் எங்கள் பாட்டன்மார் களிசான் என்றார்கள், கமிசை என்றார்கள், சப்பாத்து என்றார்கள். சிங்களவர் கலிசம என்கிறார்கள், கமிசய என்கிறார்கள், சபத்து என்கிறார்கள். எல்லாமே 1505இல் இந்தத் தீவில் கரையிறங்கிய போர்த்துக்கேயர் விட்டுச்சென்ற சொற்கள். ஒரே அந்நியனிடம் ஒரே உடுப்பையும் ஒரே பெயரையும் வாங்கிக்கொண்ட இரண்டு மக்கள் நாங்கள்.

பின்னர் ஆங்கிலேயர் காலத்தில் கோட்டும் ரையும் உத்தியோகத்தின் அடையாளமாயின. கொழும்பிலே பிறந்த ஆனந்த குமாரசுவாமி, தந்தை வழியில் தமிழர், தாய் வழியில் ஆங்கிலேயர். ஐரோப்பியரைக் கண்மூடிப் பின்பற்றும் போக்கைக் கண்டித்து, இரவல் இறகுகள் என்று பொருள்படும் தலைப்பில் 1905இல் ஒரு சிறு நூல் எழுதினார். படித்தவர்கள் வாசித்தார்கள். கந்தோர் எழுதுவினைஞர்களோ கோட்டைக் கழற்றவில்லை. கழற்றினால் உத்தியோகத்தில் யார் மதிப்பார்கள்?

அந்த எழுதுவினைஞர்களில் பலர் யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள். ஊரில் அவர்களது உடை வேட்டி. வேட்டிக்கு மேல் சேட்டு அணிந்தால் அது வெளியேதான் விழும். வேட்டிக்குள் செருகும் வழக்கம் எங்களிடம் இல்லை. கொழும்புக்கு வந்து காற்சட்டைக்கு மாறியபின்னும் பலருடைய கை பழைய பழக்கத்தை விடவில்லை. கந்தோரில் உள்ளே விட்டிருந்த சேட்டு, கந்தோர் வாசலைத் தாண்டியதும் வெளியே வந்துவிடும். வியர்வைக்கு அது சுகமாகவும் இருந்தது. அதில் வேறு எந்தப் பொருளும் இருக்கவில்லை, 1958ஆம் ஆண்டு மே மாதம் வரை.

அதற்கு முன் நடந்தவை வாசகர்கள் அறிந்தவையே. 1956இல் சிங்களம் மட்டும் சட்டம் வந்தது. 1957 ஜூலையில் பண்டாரநாயக்காவும் செல்வநாயகமும் ஓர் உடன்படிக்கையில் கையொப்பமிட்டார்கள். 1958 ஏப்ரலில் அது கிழிக்கப்பட்டது. மே 22ஆம் திகதி பொலநறுவைப் புகையிரத நிலையத்தில் தமிழ்ப் பயணிகளைத் தேடிக் கும்பல் தாக்கியது. நான்கு நாட்களுக்குள் தீ கொழும்புக்கு வந்துவிட்டது. மே 27இல் அவசரகால நிலை பிரகடனமாயிற்று. பத்திரிகையாளர் டார்சி விட்டச்சி இந்த நாட்களைப் பற்றி எழுதிய 'எமர்ஜென்சி 58' அதே ஆண்டில் லண்டனில் வெளியானது. என் தொழிலில் இருப்பவர்கள் ஒருமுறையாவது வாசிக்க வேண்டிய நூல் அது.

கொழும்பு வீதிகளில் அலைந்த கும்பல்களுக்கு ஒரு சிக்கல் இருந்தது. முகத்தைப் பார்த்துத் தமிழன் யார், சிங்களவன் யார் என்று சொல்ல முடியாது. ஆகவே குறிகள் தேவைப்பட்டன. சிங்களப் பத்திரிகையைக் கையில் கொடுத்து வாசிக்கச் சொன்னார்கள். அதற்கு முன்னதாகவே தூரத்திலிருந்து பார்க்கக்கூடிய குறி ஒன்றும் இருந்தது. காற்சட்டைக்கு வெளியே சேட்டை விட்டிருப்பவன் தமிழன். அந்நாட்களைப் பற்றிய பதிவுகள் இதைச் சொல்கின்றன. என் தந்தையாரும் சொல்கிறார், ஆனால் ஐம்பது ஆண்டுகள் கழித்துத்தான் சொன்னார்.

அவருக்கு அப்போது இருபத்துமூன்று வயது. அரசாங்கக் கந்தோர் ஒன்றில் எழுதுவினைஞர். வெள்ளவத்தையில் ஊர்ப் பொடியள் நாலைந்து பேர் சேர்ந்து வாடகைக்கு எடுத்த வீட்டில் இருந்தார். மே 26ஆம் திகதி கந்தோரை நேரத்தோடு மூடினார்கள். வழக்கம்போல் வாசலைத் தாண்டியதும் சேட்டை வெளியே இழுத்துவிட்டார். கூட வேலைசெய்த சிங்கள நண்பர் ஒருவர் பின்னால் ஓடி வந்தார். ஒன்றும் பேசாமல், நடுவீதியில், தாய் குழந்தைக்குச் செய்வதுபோல் அந்தச் சேட்டைச் சுற்றிவரக் காற்சட்டைக்குள் திணித்தார். பிறகு தாழ்ந்த குரலில் சிங்களத்தில் ஏதோ சொன்னார். அதில் 'கமிசய' என்ற சொல் மட்டும் தந்தையாருக்கு இன்றும் நினைவிருக்கிறது. இருவரும் காலி வீதி வழியே தெற்கே நடந்தார்கள். ஒரு சந்தியில் பஸ்ஸை மறித்து நின்றவர்கள் நடந்து போவோரின் இடுப்பைப் பார்த்தார்கள். தந்தையாரைப் பார்த்தார்கள், விட்டுவிட்டார்கள். அவருக்கு முன்னால் நடந்து போன இன்னொருவரை விடவில்லை. அந்த மனிதருக்கு என்ன ஆயிற்று என்று தந்தையாருக்குத் தெரியாது. திரும்பிப் பார்க்க வேண்டாம் என்று நண்பர் கையைப் பிடித்து இழுத்துப் போனாராம்.

அகதி முகாம், யாழ்ப்பாணத்துக்குக் கப்பல், சில மாதங்களில் மீண்டும் கொழும்பு என்று அவர் வாழ்க்கை தொடர்ந்தது. சம்பளம் கொழும்பில்தானே இருந்தது! ஆனால் அன்று முதல் அவர் சேட்டை வெளியே விட்டதில்லை. கோயிலுக்குப் போனால் சேட்டைக் கழற்றிவிடுவார். கழற்றாத நேரமெல்லாம் அது உள்ளேதான்.

1983 ஜூலை 25ஆம் திகதி எனக்குப் பதின்மூன்று வயது. அப்போது நாங்கள் கொட்டாஞ்சேனையில் குடியிருந்தோம். அடுத்த வீட்டுச் சிங்களக் குடும்பம் எங்களைத் தங்கள் பின்னறையில் ஒளித்துவைத்தது. அந்த இருட்டறையில் தந்தையார் என்னிடம் கிசுகிசுத்தார், சேட்டை உள்ளே விடு என்று. எனக்கு அப்போது அது பைத்தியக்காரத்தனமாகத் தோன்றியது. உண்மையில் அவர் கற்ற பாடம் அதற்குள் காலாவதியாகி இருந்தது. இம்முறை வந்தவர்கள் கையில் வாக்காளர் இடாப்பு இருந்தது. வீதியில் மறித்தவர்கள் 'பால்திய' என்று சொல்லச் சொன்னார்கள். சிங்களத்தில் வாளிக்குப் பெயர் அது. முதல் எழுத்தைத் தமிழ் நாக்கு வல்லினமாக உச்சரித்தால் முடிந்தது கதை. அந்தச் சொல்லும் போர்த்துக்கேயர் தந்தது என்பதை எண்ணிப்பாருங்கள்.

பிறகு சோதனைச்சாவடிகளின் காலம். 1996 ஜனவரி 31இல் மத்திய வங்கி குண்டுவெடிப்புக்குப் பின் அவை பெருகின. இப்போது வெளியே விட்ட சேட்டுக்கு இன்னொரு பொருள் வந்தது. உள்ளே எதையோ மறைத்திருக்கிறான்! பத்திரிகை வேலை முடிந்து இரவில் திரும்பும்போது, தமிழ் இளைஞர்கள் வரிசையில் நின்று சேட்டை உயர்த்தி வயிற்றைக் காட்டுவதைப் பல தடவை பார்த்திருக்கிறேன். நானும் காட்டியிருக்கிறேன். உள்ளே விட்டிருந்த நாட்களில் சற்று விரைவாக விட்டார்கள். தந்தையாரின் பாடம் வேறொரு காரணத்துக்காக மீண்டும் உயிர்பெற்றது. ஆனால் அடையாள அட்டையை எந்தச் சேட்டுக்குள்ளும் மறைக்க முடியாது. 2007 ஜூன் 7ஆம் திகதி வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை விடுதிகளிலிருந்து 376 தமிழர்களை பஸ்களில் ஏற்றி வெளியேற்றினார்கள். மறுநாளே உயர் நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. அந்தச் செய்தியை எழுதியவர்களில் நானும் ஒருவன். ஏற்றப்பட்டவர்களில் எத்தனை பேர் சேட்டை உள்ளே விட்டிருந்தார்கள் என்று யாரும் கேட்கவில்லை.

போர் 2009 மே மாதத்தில் முடிந்தது. பத்து ஆண்டுகள் கழித்து 2019 ஏப்ரல் 21இல், உயிர்த்த ஞாயிறன்று குண்டுகள் வெடித்தன. கொட்டாஞ்சேனைக்கு அருகே கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயமும் அவற்றுக்கு இலக்கானது. ஒரு வாரத்தில் முகத்தை மூடும் உடைக்குத் தடை வந்தது. இந்த முறை தெருவில் மற்றவர் கண் முஸ்லிம் பெண்களின் ஆடைமேல் விழுந்தது. குறி மாறுகிறது, குறி தேடும் கண் மாறவில்லை.

ஆகவே மருமகனுக்கு என் முழுப் பதில் இது. உள்ளே விடுவதா வெளியே விடுவதா என்பது தையற்காரருக்கும் கண்ணாடிக்கும் உரிய கேள்வியாக மட்டும் இருக்க வேண்டும். ஒரு நகரத்தில் மனிதர் அச்சமின்றி வாழ்கிறார்கள் என்பதற்கு அதைவிட எளிய சான்று இல்லை. அச்சத்தால் உள்ளே விட்ட சேட்டு எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் அது ஒழுங்கு ஆகாது. அதே வேளை, ஒரு கிழவரின் மனம் ஆறுவதற்காக ஓர் இரவு உள்ளே விட்டுக்கொள்வதில் யாருக்கும் குறைவில்லை. அவன் அன்று அதைச் செய்தான்.

மறுநாள் காலை அவன் சேட்டை வெளியே விட்டபடி பாண் வாங்கக் காலி வீதிக்கு இறங்கினான். தந்தையார் பல்கனியில் நின்று அவன் திரும்பும்வரை வீதியையே பார்த்துக்கொண்டிருந்தார். அவன் படியேறி வந்ததும் கேட்டார்:

"வழியில ஒருத்தரும் ஒண்டும் கேக்கேல்லையோ?"

"ஆர் என்ன கேக்கிறது, அம்மப்பா?"

தந்தையார் பதில் சொல்லவில்லை. பாணை வாங்கிக்கொண்டு உள்ளே போனார்.