எருவும் தீனும்: வண்ணாத்திவில்லுக் கமத்தொழில் வரலாறு பற்றிய சில குறிப்புகள்

புத்தளம் நகரை விட்டு வடக்கே எழுவன்குளம் நோக்கிச் செல்லும் வீதியிலே, கடலேரி மேற்கே ஒதுங்கவும் காடு கிழக்கே நெருங்கவும் அமைந்துள்ளது வண்ணாத்திவில்லு. வில்லு என்பது மாரியில் நீர் தேங்கிக் கோடையில் வற்றும் இயற்கைப் பள்ளம். அயலிலுள்ள வில்பத்து என்னும் பெயரிலும் அச்சொல்லே நிற்கின்றது. நீர்நிலையாற் பெயர் பெற்ற இவ்வூரின் மேட்டு நிலமோ நீரை நிறுத்தி வைக்கும் இயல்பற்றது. ஆழ்ந்த செம்மண், அதன் கீழே மயோசீன் காலத்துச் சுண்ணக்கல். பெய்த மழை விரைந்து கீழிறங்கிவிடும். பயிருக்கு வேண்டிய சத்தும் அதனுடன் இறங்கிவிடும். ஆண்டு மழை சுமார் 1,100 மில்லிமீற்றர். அதிற் பெரும்பகுதி ஒக்டோபர் தொடக்கம் டிசம்பர் வரையும், சிறுபகுதி ஏப்பிரல் மாதத்தை அடுத்தும் கிடைக்கும். மே முதற் செப்டெம்பர் வரை வானம் வாய்திறவாது.

இத்தகைய நிலத்திலே சிறு கமக்காரன் மரக்கறி விளைவித்தது எங்ஙனம் என்பதே ஈண்டு எழும் வினா. திருக்குறளின் உழவு அதிகாரம் உழுதலினும் எருவிடுதலை மேலாக வைக்கின்றது என்பதை மாணவர் அறிவர். எருவின் சிறப்பை எடுத்துரைத்தோர் பலர். எருவை ஈனும் மாடு எதைத் தின்றது என்று கேட்டோர் மிகச் சிலரே. வண்ணாத்திவில்லின் கமத்தொழில் வரலாற்றில் அக்கேள்வியே முதன்மையானது என்பது இக்கட்டுரையாளன் கருத்து.

பழைய முறை சேனைப் பயிர்ச்செய்கையாகும். கோடை முடிவிலே காட்டை வெட்டி எரித்து, முதல் மழையுடன் குரக்கன், சோளம், எள்ளு, பயறு, பூசணி ஆகியவற்றை விதைப்பர். எரிந்த காட்டின் சாம்பலே பசளை. ஓரிரு போகம் விளைந்தபின் நிலத்தை விட்டு வேறிடம் செல்வர். விட்ட நிலத்திற் பற்றை முளைக்கும், புல் தழைக்கும். மாடுகள் அப்பற்றையிலும், வற்றிவரும் வில்லுகளின் கரையிலும் மேய்ந்தன. ஆகவே காடே பயிருக்குப் பசளையும் மாட்டுக்குத் தீனும் ஈந்தது. நிலத்துக்கு ஆறுதல் அளிக்குமளவு காடு உள்ளவரை அம்முறையிற் குறை காண்பதற்கில்லை. மக்கள் பெருகி, ஆறுதற் காலம் குறுகியபோதே அது நிலத்தைத் தேய்க்கத் தொடங்கியது.

காடு குறுகியதற்கு மக்கட் பெருக்கம் மட்டும் காரணமன்று. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம், உறுதி காட்ட இயலாத காடும் தரிசும் முடிக்குரியவை எனக் கொண்டது. பல்லாண்டுகளுக்கு ஒருமுறை பயிரிடப்படும் சேனை நிலமும் அதனுள் அகப்பட்டது. அச்சட்டம் நிறைவேறிய காலத்திற் சட்டநிரூபண சபையிலே தமிழர் பிரதிநிதியாக வீற்றிருந்தவர் இம்மாவட்டத்துக் கற்பிட்டியிற் பிறந்தவரும், 1834இல் இலங்கை பற்றிய அகராதி நூலொன்றை ஆங்கிலத்தில் வெளியிட்டவருமான சைமன் காசிச்செட்டி என்பது நினைக்கத்தக்கது. பின்னர்த் தெற்கே தென்னந்தோட்டங்கள் விரிந்தன, வேலிகள் எழுந்தன. வடக்கே வில்பத்து 1905இற் காப்பிடமாகவும் 1938இல் தேசியப் பூங்காவாகவும் ஆயிற்று. விலங்குகளைக் காத்தல் நற்செயலே. ஆயினும், மாடு மேய்ந்த வெளி இரு பக்கத்தாலும் சுருங்கிற்று என்பதையும் வரலாறு எழுதுவோன் மறைத்தலாகாது. பூங்காவின் எல்லையறியாத யானையோ இன்றும் தோட்டத்துக்கு வந்து போகின்றது.

யாழ்ப்பாணத்தார் இவ்வகை இடரை வேறொரு வழியால் எதிர்கொண்டனர். அங்கே காடு இல்லை. ஆதலால் மாட்டையும் ஆட்டையும் தோட்டத்திற் பட்டி அடைத்து, இரவு தோறும் இடம் மாற்றி, சாணத்தையும் சலத்தையும் மண்ணிலேயே சேர்த்தனர். வேலியிற் பூவரசும் கிளுவையும் முள்முருக்கும் நாட்டிக் குழை வெட்டினர். ஒரு பகுதி ஆட்டுக்கு, மறுபகுதி மண்ணுக்குத் தாழ்ப்பதற்கு. போதாத குழையை வன்னியிலிருந்து வண்டியில் ஏற்றினர். வேலி எல்லையைக் காட்டுவதோடு நில்லாது, நின்றுகொண்டே விளையும் தீன்வயலாகவும் இருந்தது. காடு கைக்கெட்டிய தூரத்தில் இருந்தமையால் வண்ணாத்திவில்லுக்கு இத்தேவை பிந்தியே வந்தது எனலாம்.

விஞ்ஞானிகளும் இவ்வினாவை அணுகினர். 1950களில் மகா இலுப்பள்ளம ஆராய்ச்சி நிலையத்தில் ஏர்னஸ்ட் அபேரத்தின உலர்வலய மேட்டு நிலத்தை ஓரிடத்திலேயே நிலைத்துப் பயிரிடும் முறைகளை ஆராய்ந்தார். சேனைக்குப் பதிலாக ஒரு நிலையான கமம் என்பதே நோக்கம். களையும் மண்ணரிப்பும் வளக்குறைவும் அவருக்கு முன் நின்ற மூன்று தடைகள். பின்னர் அதே நிலையத்திலே பயிர் வரிசைகளுக்கிடையே சீமைக்கிளுவையையும் இப்பில் இப்பில் மரத்தையும் நிரையாக நாட்டிக் குழை வெட்டும் முறை பரிசோதிக்கப்பட்டது. 1980களின் பிற்பகுதியில் இப்பில் இப்பிலைத் தாக்கும் சிறு பூச்சியொன்று ஆசிய நாடுகளெங்கும் பரவி இலங்கையையும் எட்டியபோது, ஒரே மரத்தை நம்புதல் தகாது என்பது தெளிவாயிற்று. சீமைக்கிளுவை நிலைத்தது.

மத்திய அமெரிக்காவிலிருந்து வந்த இம்மரத்தின் இலத்தீன் பெயருக்கு எலிக்கொல்லி என்பது பொருள். அதன் பட்டையையும் வித்தையும் அங்கே எலிக்கு நஞ்சாக இட்டனர். குதிரைக்கும் அது ஆகாது. அசைபோடும் மாடும் ஆடுமோ அதனைத் தீங்கின்றித் தின்கின்றன. முதலில் மணத்துக்கு அஞ்சி முகத்தைத் திருப்பும். வெட்டிய குழையைச் சில மணி நேரம் வாடவிட்டுக் கொடுத்தால் விரைவிற் பழகிவிடும். அதன் உலர்ந்த இலையிற் புரதம் நூற்றுக்கு இருபதுக்கு மேல். வைக்கோலிலோ நான்குக்கு மேற்படாது. கோடையில் வெறும் வைக்கோலும் காய்ந்த புல்லும் தின்னும் பசு ஏன் மெலிகின்றது என்பதற்கு இவ்விரு எண்களே விடை. தீனில் மூன்றிலொரு பங்கு குழையாயின் போதும்.

ஆயினும் ஆராய்ச்சி நிலையத்து அறிவு தோட்டத்தை அடையுமுன் வேறொன்று அடைந்துவிட்டது. 1962இற் பசளை மானியம் தொடங்கியது. ஒரு மூடை யூரியாவைத் தலையிற் சுமந்து வரலாம். அதே அளவு தழைச்சத்துக்கு வேண்டிய எருவை வண்டி வண்டியாக ஏற்ற வேண்டும். கமக்காரன் எளிதானதைத் தேர்ந்தது குற்றமன்று. நீரேரிக்கு அப்பாலுள்ள கற்பிட்டி மணலிலே வெங்காயம், மிளகாய், பீற்றூட் முதலியவை கிணற்றுநீரால் ஆண்டு முழுவதும் செழித்தன. மணல் எதையும் தாங்காது. இட்ட பசளையின் ஒரு பகுதி நீருடன் இறங்கி அதே கிணற்றைச் சேர்ந்தது. அங்குள்ள பல கிணறுகளில் நைத்திரேற்று, குடிநீருக்கு உலக சுகாதார நிறுவனம் வகுத்த லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்னும் எல்லையைக் கடந்ததைப் பிற்கால ஆய்வுகள் காட்டின. வண்ணாத்திவில்லின் சுண்ணக்கல்லுக்குள்ளும் ஆழமான நன்னீர்ப் படையொன்று உண்டு. 1980களின் முற்பகுதியில் நீரியலாளர் அதனை ஆராய்ந்தனர். மேலே இடுவது கீழே செல்லும் என்பதை அயலூரின் கிணறு முன்னரே கூறிவிட்டது.

1990 ஒக்டோபரில் வட மாகாணத்து முஸ்லிம்கள் தமிழீழ விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். எழுபதினாயிரத்துக்கு மேற்பட்டோர், அவருட் பெரும்பாலோர் புத்தளம், கற்பிட்டி, முந்தல், வண்ணாத்திவில்லுப் பகுதிகளில் அடைக்கலம் புகுந்தனர். மன்னாரிலும் முசலியிலும் வயலும் மாடும் உடையோராய் இருந்தவர் பலர் கற்பிட்டி வெங்காயத் தோட்டங்களிற் கூலிக்கு நின்றனர். தமிழ் பேசும் மக்களின் வரலாற்றிலே நாம் தலைகுனிந்து எழுத வேண்டிய பக்கம் இது. வந்தவர்க்கும் இருந்தவர்க்கும் நிலமும் நீரும் போதாமல் உரசல் எழுந்தமையும் உண்மையே. நம் பொருளுக்கு வேண்டியது யாதெனில், சிறு வளவில் வாழும் குடும்பம் மாட்டை வெளியில் மேயவிட முடியாது என்பதே. கட்டி வளர்க்கக்கூடியது ஆடு. அதற்குத் தீன் தரக்கூடியது வேலி. இம்மாவட்டத்துக் கொட்டுக்கச்சிப் பண்ணையின் பெயரால் ஓர் ஆட்டினமே வழங்குகின்றது.

2021 மே மாதத்தில் அரசாங்கம் இரசாயனப் பசளை இறக்குமதியைத் தடை செய்தபோது, இவ்வரலாறு முழுவதும் ஒரே போகத்தில் வெளிப்பட்டது. கணக்கைப் பார்ப்போம். 100 கிலோ யூரியாவிலே தழைச்சத்து 46 கிலோ. உலர்ந்த சாண எருவிலே அது நூற்றுக்கு ஒன்று அல்லது ஒன்றேகால். ஆகவே அந்த 100 கிலோவுக்கு ஈடாக ஏறக்குறைய நான்கு தொன் உலர்ந்த எரு வேண்டும். நாட்டு மாடொன்று நாளொன்றுக்கு இடும் சாணம் பத்துக் கிலோ என்றால், உலர்ந்தபின் அது இரண்டு கிலோ. அந்நான்கு தொன் ஐந்து மாடுகளின் ஓராண்டுச் சாணம். அதுவும் ஒரு கூடை சிந்தாமற் சேர்த்தால். பகலில் மேயவிட்ட மாட்டின் சாணத்திற் பாதி வெளியிலேயே போம். தழைச்சத்தில் ஏறக்குறையப் பாதியைக் கொண்ட சலமோ மண் தரையில் ஊறி வீணாகும். அம்மாடொன்றுக்கு நாள்தோறும் இருபது கிலோ பச்சைத் தீன் வேண்டும். தீனுக்கு ஒரு முழ நிலமும் ஒதுக்காத நாடு எருவை ஆணையாற் பெற முனைந்தது. அதே ஆண்டு நவம்பரிலே தடை தளர்த்தப்பட்டது.

இதற்கு இரண்டாண்டு முன்னரே, 2019இல், கொழும்பின் குப்பை வண்ணாத்திவில்லுப் பிரதேசத்து அருவக்காட்டுக்கு வரலாயிற்று. பாலாவிச் சீமெந்துத் தொழிற்சாலைக்குச் சுண்ணக்கல் வெட்டிய பகுதி அது. புத்தளத்து மக்கள் கடுமையாக எதிர்த்தனர். கொழும்பின் குப்பையிற் பாதிக்கு மேற்பட்டது சமையலறைக் கழிவு. சேர்த்து மக்கவிட்டால் எருவாகக்கூடிய பொருள்.

கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்திலே நேப்பியர்ப் புல்லையும் கம்பையும் கலந்து உருவாக்கிய கோ-3 என்னும் புல் 1999இல் இலங்கைக்கு வந்து பால் பண்ணைகளிற் பரவியது. விளைவு மிகுதி, ஆயினும் அதற்கு நீரும் பசளையும் மிகுதியாக வேண்டும். கிணறும் பம்பும் உடையோர்க்கு அது நன்று. மழையை மட்டும் நம்பிய செம்மண் தோட்டத்தில் ஜூன் மாதத்திலேயே அது கருகிவிடும். அங்கே தென்னையின் கீழும் வரம்பிலும் தானே முளைக்கும் கினிப்புல்லே தகும். அப்புல்லும் காய்ந்து மடியும் ஓகஸ்டில், ஆழ வேரோடிய சீமைக்கிளுவை வேலி இன்னும் பச்சையாக நிற்கும். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதனை வெட்டலாம். கோடையில் வெட்டியது கொட்டிலுக்குப் போகும். மாரி தொடங்குமுன் வெட்டியது கத்தரிக்கும் மிளகாய்க்கும் குழையாகத் தாழும். கொட்டிலின் தரையைச் சற்றுச் சரிவாக இறுக்கி, சலம் ஒரு குழியிற் சேரும்படி செய்து, அக்குழிக்கு ஓலையால் ஒரு கூரை போட்டுவிட்டால், மழைக்கு முன் வண்டியில் ஏற்ற எரு இருக்கும்.