வீட்டு பிளானும் மருமக்கள் வழியும்

போன வாரம் இன்ஜினியர் பிளானைக் கொண்டு வந்து தந்தார். பழைய ஓட்டு வீட்டை இடித்துவிட்டு அதே மனையில் புது வீடு. ஹால், கிச்சன், ரெண்டு பெட்ரூம், முன்னால் கார் ஷெட். அளவெல்லாம் மனையடி சாஸ்திரப்படிதான். ஒரு அறை 10க்கு 11. பத்தடி என்றால் ஆடு மாடு பெருகுமாம், பதினொன்று என்றால் பால் பாக்கியமாம். அந்தப் பிளானில் தொழுவமே இல்லை என்பது வேறு விஷயம்.

அம்மா தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ரெண்டே கேள்வி கேட்டாள்.

"நெல்லை எங்க மக்கா போடுவ?"

இன்ஜினியர் சிரித்தார். நானும் சிரித்தேன்.

"அக்கா வந்தா எங்க கெடப்பா?"

அதற்கு யாரும் சிரிக்கவில்லை. அன்றையிலிருந்து இந்த ரெண்டு கேள்வியும் மண்டைக்குள் சுற்றிக்கொண்டு கிடக்கின்றன. யோசித்துப் பார்த்தால், நாஞ்சில் நாட்டில் வீடு கட்டின கதை முழுக்க இந்த ரெண்டு கேள்விக்குள் அடங்கிவிடும்.

முதலில் நெல்லு. தோவாளை, அகஸ்தீஸ்வரம் தாலுகாக்கள்தான் நாஞ்சில் நாடு. தென்மேற்கு மழையும் உண்டு, வடகிழக்கு மழையும் உண்டு. அதனால் ரெண்டு பூ. புரட்டாசியை ஒட்டி அறுப்பது கன்னிப்பூ, மாசியை ஒட்டி அறுப்பது கும்பப்பூ. கன்னி, கும்பம் என்பவை மலையாள மாதப் பெயர்கள். 1906இல் பேச்சிப்பாறை அணை கட்டி முடித்தபின் தண்ணீருக்கு இன்னும் பலம் வந்தது. இப்படி வருஷத்துக்கு ரெண்டு தடவை நெல் வந்து இறங்கினால், வீட்டை நெல்லுக்குத்தான் கட்ட முடியும். மனுஷன் மிச்ச இடத்தில் படுத்துக்கொள்வான்.

எங்கள் பழைய வீடு அப்படித்தான். தெருவிலிருந்து ஏறினால் படிப்புரை. அதைத் தாண்டினால் பட்டாசல். பிறகு அரங்கு, அடுக்களை, புறவாசல், தொழுவம். எல்லாம் ஒரே நேர்கோட்டில். படிப்புரையில் நின்று பார்த்தால் புறவாசல் தென்னை தெரியும். நடுவில் இருக்கிற அரங்குதான் வீட்டின் வயிறு. ஜன்னல் கிடையாது, ஒரே கதவு. உள்ளே அயினிப் பலகையில் செய்த பத்தாயம். அந்த வீட்டில் 'இது இன்னாருடைய ரூம்' என்று ஒரு அறையும் கிடையாது. ஆம்பிளைகள் படிப்புரையில், பெண்டுகள் பட்டாசலில். பேறுகாலம் மட்டும் அரங்குக்குள். அக்காவும் நானும் பிறந்தது பத்தாயத்துக்குப் பக்கத்தில்தான்.

இனி ரெண்டாவது கேள்வி. வீடு யாருக்கு?

நாஞ்சில் நாட்டு வெள்ளாளரில் ஒரு பெரும்பகுதிக்கு நூறு வருஷம் முன்புவரை மருமக்கள் வழிதான். எங்கள் குடும்பமும் அதில் உண்டு. குடும்பச் சொத்து காரணவர் கையில் இருக்கும். அவருக்குப் பிறகு அது அவர் பிள்ளைகளுக்குப் போகாது, சகோதரி மக்களுக்குப் போகும். பெண்வழிச் சொத்து என்றதும், பெண்கள் ராஜ்யம் நடந்தது என்று பட்டணத்து நண்பர்கள் நினைக்க வேண்டாம். சாவி காரணவர் இடுப்பில்தான். கல்யாணம் ஆகி அந்த வீட்டுக்கு வந்தவள் வாழ்நாள் முழுக்க அரங்கைப் பெருக்கி, நெல்லு அவித்து, பிள்ளை பெறுவாள். புருஷன் கண்ணை மூடினால் உகந்துடைமை என்று ஒரு சிறு பங்கோடு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு இறங்க வேண்டியதுதான். பிறந்த வீட்டிலேயே பிள்ளைகள் விருந்தாளிகள்.

இது சாதாரணக் குடியானவன் வீட்டுச் சங்கதி மட்டும் இல்லை. தக்கலைக்குப் பக்கத்தில் பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போனால், உள்ளதில் பழைய கட்டடத்துக்குப் பெயர் தாய்க் கொட்டாரம். நடுவில் முற்றம், சுற்றி நாலு பக்கமும் தாழ்வாரம், மழை நேரே உள்ளே விழும். திருவிதாங்கூர் ராஜ வம்சத்திலும் தாய்வழிதான். மார்த்தாண்டவர்மா 1729இல் பட்டத்துக்கு வந்தது மாமாவுக்குப் பிறகு. மாமாவின் சொந்த மகன்களான தம்பிமார் ராஜ்யம் கேட்டுச் சண்டைக்கு நின்று மாண்டுபோனார்கள். 1795இல் தலைநகரம் திருவனந்தபுரத்துக்குப் போனது. 1956இல் எங்கள் மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. அரண்மனை மட்டும் இன்றைக்கும் கேரள அரசு கையில். மண் ஒருத்தருக்கு, வீடு ஒருத்தருக்கு. எங்கள் ஊருக்கு இது புதிது இல்லை.

மருமக்கள் வழியின் கொடுமையைச் சிரிக்கச் சிரிக்க எழுதிக் கிழித்தவர் தேரூர்க்காரர் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை. 'நாஞ்சில் நாட்டு மருமக்கள்வழி மான்மியம்' முழுக்க ஒரு காரணவருடைய ஐந்தாவது மனைவி சொல்லும் கதை. பின்னால் கொல்லம் 1101இல், அதாவது 1926இல், நாஞ்சில் நாட்டு வெள்ளாளர் சட்டம் வந்தது. குடும்பச் சொத்தைப் பாகம் வைக்கவும் மக்களுக்குப் பங்கு போகவும் வழி பிறந்தது.

சட்டம் வந்ததும் வீட்டின் பிளானும் மாறியது. பட்டாசலுக்கு நடுவே சுவர் எழும்பியது. ஒரு அடுக்களை ரெண்டானது. எங்கள் வீட்டிலும் அப்படி ஒரு சுவர் உண்டு. மற்ற சுவர்களைவிட மெலிசு, கல் வேறு மாதிரி. சின்ன வயசில் ஏன் என்று தெரியாது.

ஆனால் ஒன்று. மக்கள் வழி என்று பெயர் வந்தாலும், மக்கள் என்றால் ஆண்மக்கள் என்றே எடுத்துக்கொண்டோம். பெண்ணுக்கு நகை போட்டாச்சு, சீர் செய்தாச்சு, கணக்கு தீர்ந்தது. 1989இல் தமிழ்நாடு அரசு, கூட்டுக்குடும்பச் சொத்தில் மகளுக்கும் சம பங்கு என்று சட்டம் செய்தது. 2005இல் நாடு முழுக்க வந்தது. ஊரில் என்ன நடக்கிறது? பெண்பிள்ளைகளிடம் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்குகிறோம்.

பட்டாசலில் கிடக்கிற மேசை டிராயரில் அப்படி ஒரு பத்திரம் இருக்கிறது. அக்கா பெயருக்கு நேரே கையெழுத்துக்கு இடம் விட்டு, எழுதி ரெடியாக இருக்கிறது. 'அக்கா ஒண்ணும் சொல்ல மாட்டா' என்று தம்பியும் நானும் பேசி முடிவு செய்தோம். அவளிடம் கேட்கவே இல்லை. அம்மா பிளானைப் பார்த்துக் கேட்டது படுக்கிற இடத்தை மட்டும்தானா என்று இப்போது சந்தேகம் வருகிறது.

நெல்லுக் கேள்விக்குப் பதில் கண்டுபிடித்துவிட்டேன். இப்போது மிஷின் அறுக்கிறது, வியாபாரி வயலிலேயே எடை போட்டுக் கொண்டுபோகிறான். வீட்டுக்கு வருவது சாப்பாட்டுக்குச் சில மூட்டை, விதைக்குச் சில மூட்டை. அதற்கு 6க்கு 8 ஒரு அரங்கு போதும். பத்தாயத்தைப் பிரித்து அந்தப் பலகையிலேயே கதவு செய்யச் சொல்லியிருக்கிறேன். கார் ஷெட்டை எடுத்துவிட்டு அங்கே இன்னொரு அறை போடவும் சொல்லியாச்சு. காருக்கு வேப்பமரத்தடி போதும்.

பிளானைத் திருத்துவது லேசாக இருந்தது. அக்கா ஞாயிற்றுக்கிழமை வருகிறாள். அவளுக்கு அறை காட்டிவிட்டு நைசாகப் பத்திரத்தையும் நீட்டினால், அது பழைய உகந்துடைமைதான். அதனால் முதலில் பத்திரத்தை எடுத்து அவள் கையில் கொடுத்து, "இப்படி ஒண்ணு எழுதி வச்சிருக்கோம், நீ என்ன சொல்ற?" என்று கேட்கப் போகிறேன். தம்பிக்கு இதில் அவ்வளவு சம்மதம் இல்லை. அவள் என்ன சொல்வாள் என்றும் தெரியவில்லை. அது தெரிந்த பிறகுதான் வானம் தோண்டணும்.