அமெரிக்காவில் வாகனத்தில் கைத்துப்பாக்கியை வைத்தல்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் கைத்துப்பாக்கி வைத்திருப்பவர்கள் அதைக் காரில் எடுத்துச் செல்லும்போதும், காரில் விட்டுவிட்டு இறங்கிப் போகும்போதும் கடைப்பிடிக்க வேண்டிய சட்டங்களையும் பாதுகாப்பு முறைகளையும் இக்கட்டுரை விளக்குகிறது. இதற்கென நாடு முழுவதற்கும் பொதுவான ஒரே சட்டம் கிடையாது. மாநிலம் விட்டு மாநிலம் செல்லும் பயணத்துக்கும் சில குறிப்பிட்ட இடங்களுக்கும் கூட்டாட்சிச் சட்டம் வரம்பு விதிக்கிறது. மற்றவற்றை ஒவ்வொரு மாநிலமும் தனித்தனியே தீர்மானிக்கிறது. சட்டம் எப்படி மாறினாலும் பாதுகாப்பின் அடிப்படை மாறுவதில்லை: கார் என்பது துப்பாக்கியைக் கொண்டுசெல்வதற்கான வாகனமே தவிர, அதை வைத்துப் பூட்டும் பெட்டகம் அல்ல.

பின்னணி

கைத்துப்பாக்கியை உடலில் அணிந்து செல்பவர்கள்கூட அதைக் கழற்றி வைத்துவிட்டே உள்ளே போக வேண்டிய இடங்கள் பல உள்ளன. நீதிமன்றம், தபால் நிலையம், பள்ளி ஆகியவை அவற்றுள் சில. அப்போது துப்பாக்கி காரிலேயே தங்கிவிடுகிறது. 2024 முடிவில் 29 மாநிலங்கள் அனுமதிச்சீட்டு இல்லாமலேயே கைத்துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்ல இடமளித்திருந்தன. அதனால் கார்களில் விடப்படும் துப்பாக்கிகளும் பெருகின.

திருடர்களும் இதை நன்கு அறிவார்கள். மது, புகையிலை, துப்பாக்கி, வெடிபொருள் பணியகமான ஏ.டி.எஃப். வெளியிட்ட கணக்கின்படி, 2017 முதல் 2021 வரையிலான ஐந்து ஆண்டுகளில் தனிநபர்களிடமிருந்து திருடுபோனதாகப் பதிவான துப்பாக்கிகள் 10 லட்சத்துக்கும் அதிகம். துப்பாக்கிக் கட்டுப்பாட்டுக்காகக் குரல்கொடுக்கும் எவரிடவுன் அமைப்பு எஃப்.பி.ஐ. தரவுகளை ஆராய்ந்தது. அண்மை ஆண்டுகளில் நகரங்களில் திருடுபோனவற்றுள் ஏறக்குறைய பாதி வாகனங்களிலிருந்து எடுக்கப்பட்டவை என்று அந்த ஆய்வு சொல்கிறது.

அப்படித் திருடுபோகும் ஒரு துப்பாக்கி என்ன செய்யும் என்பதற்குச் சான் பிரான்சிஸ்கோ சம்பவம் சான்று. 2015 ஜூன் 27 அன்று அந்நகரின் கடற்கரைச் சாலையில் நிறுத்தப்பட்டிருந்த காரின் கண்ணாடி உடைக்கப்பட்டது. கார், கூட்டாட்சி நில நிர்வாகத் துறையின் காவலர் ஒருவருடையது. உள்ளே ஒரு பைக்குள் குண்டு நிரப்பிய கைத்துப்பாக்கி இருந்தது. நான்கு நாள் கழித்து, ஜூலை 1 அன்று, பியர் 14 என்ற படகுத்துறையில் இன்னொருவர் கையிலிருந்த அதே துப்பாக்கி வெடித்தது. குண்டு கான்கிரீட் தரையில் பட்டுத் தெறித்து, தந்தையோடு நடந்துகொண்டிருந்த 32 வயதுப் பெண் ஒருவரின் உயிரைப் பறித்தது. கலிபோர்னியா தன் சட்டத்தை மாற்றியதற்கு இந்த மரணம் முக்கியக் காரணமாயிற்று.

கூட்டாட்சிச் சட்டம்

1986-இல் அதிபர் ரொனால்டு ரேகன் கையெழுத்திட்ட துப்பாக்கி உரிமையாளர் பாதுகாப்புச் சட்டம், மாநில எல்லைகளைக் கடந்து பயணம் செய்பவருக்குப் ‘பாதுகாப்பான வழி’ ஒன்றைத் தருகிறது. புறப்படும் இடத்திலும் போய்ச்சேரும் இடத்திலும் துப்பாக்கி வைத்திருப்பது அவருக்குச் சட்டப்படி செல்லுமானால், இடையில் வரும் மாநிலத்தின் சட்டம் எவ்வளவு கடுமையாக இருந்தாலும் அவர் அதைக் கடந்து போகலாம். அதற்கு நிபந்தனைகள் உண்டு.

- துப்பாக்கியில் தோட்டா இருக்கக் கூடாது.
- துப்பாக்கியோ தோட்டாவோ பயணிகள் அமரும் பகுதியிலிருந்து எட்டி எடுக்கும்படி இருக்கக் கூடாது.
- தனி டிக்கி இல்லாத வண்டியானால், அவை பூட்டிய பெட்டிக்குள் இருக்க வேண்டும். டாஷ்போர்டில் உள்ள க்ளவ் பாக்ஸும், இரு முன்சீட்டுகளுக்கு நடுவே உள்ள கன்சோலும் அத்தகைய பெட்டியாகக் கருதப்படுவதில்லை.

இந்தப் பாதுகாப்பு பயணம் செய்வதற்கு மட்டுமே; வழியில் தங்குவதற்கு அல்ல. 2005-இல் யூட்டாவிலிருந்து பென்சில்வேனியாவுக்குப் புறப்பட்ட ஒருவர், நியூ ஜெர்சியின் நியூவார்க்கில் இணைப்பு விமானத்தைத் தவறவிட்டார். பெட்டியைத் தம்மோடு எடுத்துக்கொண்டு இரவை ஹோட்டலில் கழித்தார். மறுநாள் விமான நிலையத்தில், பெட்டியில் துப்பாக்கி இருப்பதை விதிப்படி அவரே தெரிவித்தபோது கைது செய்யப்பட்டார். ஹோட்டலில் இருந்த நேரத்தில் துப்பாக்கி அவர் கைக்கு எட்டும்படி இருந்ததால் 1986 சட்டம் அவரைக் காப்பாற்றாது என்று மூன்றாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் 2010-இல் தீர்ப்பளித்தது. கடுமையான மாநிலங்கள் வழியே காரில் போகிறவர்கள் அங்கே இரவு தங்குவதைத் தவிர்க்க வேண்டும் என வழக்கறிஞர்கள் அறிவுறுத்துவது இதனால்தான்.

பள்ளிகளைச் சுற்றி 1,000 அடிக்குள் துப்பாக்கி வைத்திருப்பதை 1990-ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டம் ஒன்று தடை செய்தது. 1995-இல் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. காங்கிரஸ் 1996-இல் திருத்தங்களோடு அதை மீண்டும் நிறைவேற்றியது. அந்த மாநிலமே வழங்கிய உரிமம் உள்ளவருக்கு விலக்கு உண்டு. தோட்டா நீக்கிய துப்பாக்கியைப் பூட்டிய பெட்டியில் வைத்திருப்பவருக்கும் விலக்கு உண்டு. நகரச் சாலையில் பள்ளி ஒன்றைக் கடக்காமல் காரோட்டுவது அரிது என்பதால், உரிமம் இல்லாதவர் தோட்டாவை நீக்கிப் பூட்டி எடுத்துச் செல்வதே தற்காப்பு.

தபால் நிலையங்களின் விதி இன்னும் கண்டிப்பானது. கட்டடத்துக்குள் மட்டுமல்ல, தபால் துறைக்குச் சொந்தமான வாகன நிறுத்தத்தில் நிற்கும் காருக்குள்ளும் துப்பாக்கி இருக்கக் கூடாது. கொலராடோவைச் சேர்ந்த ஒருவர் இதை எதிர்த்துத் தொடுத்த வழக்கில், பத்தாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் 2015-இல் இத்தடையை உறுதி செய்தது. தேசியப் பூங்காக்களில் நிலைமை வேறு. 2010 பிப்ரவரி முதல், பூங்கா அமைந்துள்ள மாநிலத்தின் சட்டமே அங்கும் பொருந்துகிறது. ஆனால் பூங்காவுக்குள் உள்ள அரசுக் கட்டடங்களில் துப்பாக்கிக்கு இடமில்லை.

மாநிலச் சட்டங்கள்

காரில் யாரும் இல்லாதபோது துப்பாக்கி எப்படி இருக்க வேண்டும் என்பதில் மாநிலங்களுக்கிடையே பெரும் வேறுபாடு நிலவுகிறது.

கலிபோர்னியா: 2017 ஜனவரி 1 முதல், ஆளில்லாத வாகனத்தில் விடப்படும் கைத்துப்பாக்கி டிக்கியில் பூட்டப்பட்டிருக்க வேண்டும், அல்லது பூட்டிய பெட்டியில் வெளியார் கண்ணில் படாதபடி இருக்க வேண்டும். க்ளவ் பாக்ஸ் பூட்டியிருந்தாலும் கணக்கில் வராது. மீறினால் 1,000 டாலர் வரை அபராதம். இவ்விதி காவல்துறையினரையும் கட்டுப்படுத்துகிறது.

நியூ யார்க்: 2022 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, உரிமையாளர் உடனில்லாதபோது தோட்டாவை நீக்கி, துப்பாக்கியைத் தகுந்த பெட்டகத்தில் பூட்டி, வெளியே தெரியாதபடி வைக்க வேண்டும். க்ளவ் பாக்ஸ் தகுந்த பெட்டகம் அல்ல என்று இங்கும் சட்டம் வெளிப்படையாகக் கூறுகிறது.

கொலராடோ: 2025 ஜனவரி 1 முதல், கைத்துப்பாக்கி உறுதியான சுவருடைய பூட்டிய பெட்டியில், கண்ணுக்குத் தெரியாதபடி இருக்க வேண்டும். காரும் பூட்டப்பட்டிருக்க வேண்டும்.

கனெக்டிகட்: 2019-இல் இயற்றப்பட்ட சட்டம் டிக்கி, பூட்டிய பெட்டகம் ஆகியவற்றோடு பூட்டிய க்ளவ் பாக்ஸையும் ஏற்றுக்கொண்டது.

புளோரிடா: துப்பாக்கி ‘உறையிடப்பட்டு’ இருக்க வேண்டும் என்பதே காரில் எடுத்துச் செல்வதற்கான பழைய அளவுகோல். பூட்டாத க்ளவ் பாக்ஸும், மூடியைத் திறந்து எடுக்க வேண்டிய எந்தப் பெட்டியும் அதற்குப் போதும்.

டெக்சாஸ்: சொந்த வாகனத்தில் கைத்துப்பாக்கி வைத்திருக்க 2007 முதல் உரிமம் தேவையில்லை. வெளியே தெரியும்படி இருந்தால் ஹோல்ஸ்டரில் இருக்க வேண்டும். தோட்டா நிரப்பிய துப்பாக்கி 17 வயதுக்குட்பட்டவர் கைக்கு எட்டும்படி விடப்பட்டால் உரிமையாளர் பொறுப்பாவார்.

ஆக, ஒரு மாநிலத்தில் முற்றிலும் சட்டப்படியான செயல் எல்லைக்கோட்டைத் தாண்டியதும் குற்றமாகிறது. ஒரு மாநிலத்தின் உரிமம் அடுத்த மாநிலத்தில் செல்லும் என்ற உறுதியும் இல்லை.

பணியிட வாகன நிறுத்தங்கள்

தொழிலாளர் தம் காரில் துப்பாக்கியைப் பூட்டி வைத்துவிட்டு வேலைக்கு வரலாமா என்பது நெடுங்காலச் சர்ச்சை. 2002-இல் ஓக்லஹோமாவின் வேலியன்ட் என்ற ஊரில், ஆலை வாகன நிறுத்தத்தில் நின்ற கார்களில் துப்பாக்கிகள் கண்டெடுக்கப்பட்டதால் தொழிலாளர்கள் சிலர் வேலையிழந்தனர். அதையடுத்து, பூட்டிய காரில் துப்பாக்கி வைத்திருப்பதை முதலாளிகள் தடுக்கக் கூடாது என அம்மாநிலம் 2004-இல் சட்டம் இயற்றியது. புளோரிடா 2008-இலும், டெக்சாஸ் 2011-இலும் இதேபோன்ற சட்டங்களைக் கொண்டுவந்தன. விதிவிலக்குகள் மாநிலத்துக்கு மாநிலம் மாறும் என்பதால், பணியிட விதிமுறைகளையும் மாநிலச் சட்டத்தையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

பாதுகாப்பு முறைகள்

பெட்டி: வாகனத்துக்கென விற்கப்படும் சிறு பெட்டகங்கள் எஃகுத் தகட்டால் ஆனவை. பெட்டி எவ்வளவு கனமாக இருந்தாலும், காரோடு பிணைக்கப்படாவிட்டால் திருடன் அதை அப்படியே தூக்கிக்கொண்டு போய் வேறிடத்தில் நிதானமாக உடைப்பான். ஆகவே எஃகு வடத்தைச் சீட்டின் அடிச்சட்டத்தைச் சுற்றிக் கொண்டுவந்து அதன் முனையைப் பெட்டிக்குள் மாட்ட வேண்டும். அல்லது பெட்டியின் உட்புறத்திலிருந்து மட்டுமே திருகக்கூடிய போல்ட்டுகளால் காரின் உலோகத்தில் முடுக்க வேண்டும். கன்சோலின் உள்ளளவுக்கே செய்யப்பட்ட பெட்டகங்களும் கிடைக்கின்றன. பெட்டகச் சாவியைக் கார்ச் சாவியோடு ஒரே வளையத்தில் கோர்க்கக் கூடாது. ஹோட்டல் வாசலில் வண்டியை நிறுத்தித் தருபவரிடமோ மெக்கானிக்கிடமோ கார்ச் சாவியைக் கொடுக்கும்போது பெட்டகச் சாவியும் சேர்ந்தே போய்விடும். வண்டியை இப்படிப் பிறரிடம் விடும் நாட்களில் துப்பாக்கி வண்டியில் இல்லாதிருப்பதே முறை.

டிக்கி: பூட்டிய டிக்கி மட்டும் போதுமென்று நினைப்பது தவறு. பெரும்பாலான கார்களில் டிக்கியைத் திறக்கும் பொத்தான் உள்ளேயே இருக்கிறது. பின்சீட்டை மடக்கினாலும் வழி கிடைக்கிறது. பக்கக் கண்ணாடியை உடைத்தவனுக்கு டிக்கி ஒரு தடையே அல்ல. எனவே டிக்கிக்குள்ளும் வடத்தால் கட்டிய பெட்டி தேவை.

வைக்கும் நேரம்: போய்ச்சேர்ந்த இடத்தின் வாகன நிறுத்தத்தில் இறங்கி, நாலு பேர் பார்க்க டிக்கியைத் திறந்து துப்பாக்கியை வைப்பது, அது எங்கே இருக்கிறது என்று ஊருக்கே அறிவிப்பதாகும். புறப்படும் முன்பே பூட்டி வைத்துவிட வேண்டும். துப்பாக்கி நிறுவனங்களின் பெயர் பொறித்த ஸ்டிக்கர்களைக் கண்ணாடியில் ஒட்டுவதும் திருடனை அழைப்பதற்குச் சமம்.

கையாளுதல்: சீட்டுக்கும் ஸ்டியரிங்குக்கும் இடையிலுள்ள குறுகலான இடத்தில் துப்பாக்கியை உருவுவதும், தோட்டாவை ஏற்றி இறக்குவதும் தவறுதலாக வெடிப்பதற்கு வழிவகுக்கும். ட்ரிகர் முழுதும் மூடியிருக்கும் ஹோல்ஸ்டரோடு சேர்த்துக் கழற்றி, அப்படியே பெட்டிக்குள் வைப்பது பாதுகாப்பானது. தோட்டாவை நீக்க வேண்டிய மாநிலத்துக்குப் போகிறவர் அந்த வேலையை வீட்டிலேயே, மேகசினைக் கழற்றிச் சேம்பரையும் பார்த்து, முடித்துவிட வேண்டும்.

குழந்தைகள்: சீட்டுக்கு அடியில் துப்பாக்கியை வைப்பது மிக ஆபத்தான வழக்கம். பிரேக் போட்டதும் முன்சீட்டுக்கு அடியில் இருப்பது பின்னால் இருப்பவரின் காலடிக்கு வழுக்கிக்கொண்டு போகும். 2016 மார்ச்சில் புளோரிடாவில் ஓடும் வண்டியில் 4 வயதுச் சிறுவன் அப்படி வந்த துப்பாக்கியை எடுத்துச் சுட்டதில் அவன் தாய் காயமடைந்தார். அடுத்த மாதமே விஸ்கான்சினின் மில்வாக்கியில், ஓட்டுநர் சீட்டுக்கு அடியிலிருந்து நழுவி வந்த துப்பாக்கியை 2 வயதுக் குழந்தை எடுத்தது. காரை ஓட்டிக்கொண்டிருந்த தாய் உயிரிழந்தார். இரண்டும் பூட்டிய பெட்டி ஒன்று இருந்திருந்தால் நடந்திரா. 2005-ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டப்படி, உரிமம் பெற்ற வணிகர் கைத்துப்பாக்கி விற்கும்போது பூட்டு அல்லது பாதுகாப்புச் சாதனம் ஒன்றையும் சேர்த்தே தர வேண்டும். துப்பாக்கித் தொழில்துறை அமைப்பு நடத்தும் புராஜெக்ட் சைல்ட்சேஃப் திட்டமும் வடப்பூட்டுகளை இலவசமாக வழங்கிவருகிறது. வடப்பூட்டு துப்பாக்கி சுடுவதைத் தடுக்கும். களவு போவதைத் தடுக்காது.

போலீசார் நிறுத்தும்போது

காரின் பதிவுச் சான்றையும் காப்பீட்டு ஆவணத்தையும் பலர் க்ளவ் பாக்ஸில் வைக்கிறார்கள். துப்பாக்கியும் அங்கேயே இருந்தால், ஆவணம் எடுக்க நீட்டும் கை துப்பாக்கியை நோக்கிப் போவதாகத் தோன்றும். இரண்டையும் ஒரே இடத்தில் வைக்கக் கூடாது. மிச்சிகன் போன்ற மாநிலங்களில், துப்பாக்கி வைத்திருக்கும் உரிமதாரர் கேட்கப்படாமலேயே அதிகாரியிடம் அதை உடனே சொல்ல வேண்டும். எங்கே நிறுத்தப்பட்டாலும் கைகளை ஸ்டியரிங் மீது வைத்திருந்து, அதிகாரி சொன்ன பிறகே அசைவது நல்லது.

திருடுபோனால்

வரிசை எண், தயாரிப்பு, மாடல் ஆகியவற்றை உரிமையாளர் துப்பாக்கியிலிருந்து தனியாக, வீட்டில் குறித்து வைத்திருக்க வேண்டும். எண் இருந்தால்தான் போலீசார் அதைத் தேசியக் குற்றத் தகவல் மையத்தின் பட்டியலில் ஏற்ற முடியும். புகார் செய்யும் கெடு நியூ யார்க்கில் 24 மணி நேரம், கனெக்டிகட்டில் 72 மணி நேரம், கலிபோர்னியாவிலும் கொலராடோவிலும் 5 நாட்கள். கட்டாயமில்லாத மாநிலங்களிலும் உடனே புகார் செய்வதே உரிமையாளரைப் பின்னாளைய சந்தேகத்திலிருந்து காக்கும்.

குடியுரிமை இல்லாதவர்கள்

அமெரிக்காவில் வாழும் தமிழர்கள் கவனிக்க வேண்டிய விதி ஒன்று உண்டு. எச்-1பி, எஃப்-1 போன்ற குடியேற்றமற்ற விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகத் தடை செய்கிறது. மாநிலத்தின் வேட்டை உரிமம் பெற்றிருப்பது போன்ற சில விலக்குகளே உள்ளன. கிரீன் கார்டு பெற்றவர்களுக்கு இத்தடை பொருந்தாது.

மதிப்பீடு

மாநிலச் சட்டங்கள் குறைந்தபட்ச அளவையே சொல்கின்றன. புளோரிடாவின் அளவுகோலுக்குப் போதுமான பூட்டாத க்ளவ் பாக்ஸ், திருடன் முதலில் திறந்து பார்க்கும் இடமும் ஆகும். கலிபோர்னியா, நியூ யார்க், கொலராடோ ஆகிய மூன்றின் நிபந்தனைகளையும் சேர்த்து, தோட்டா நீக்கி, காரோடு பிணைத்த உறுதியான பெட்டியில், கண்ணுக்குத் தெரியாமல், பூட்டிய வண்டியில் வைப்பவர் ஏறக்குறைய எல்லா மாநிலத்தின் வைப்பு விதிகளையும் நிறைவு செய்துவிடுவார். அதுவும் சில மணி நேரத்துக்கு மட்டுமே ஏற்றது. இரவில் துப்பாக்கி காரில் இருக்கக் கூடாது. வீட்டுக்குள் கொண்டுபோய்ப் பெட்டகத்தில் பூட்ட வேண்டும்.