டேப் இருக்கு, டிரைவர் இருக்கா?

இப்போது படிக்கும் தம்பி தங்கைகள் லேபில் 'டார்' என்ற கட்டளையை அடிக்கடி அடிக்கிறீர்கள். நாலைந்து ஃபைல்களை ஒரே மூட்டையாகக் கட்ட வேண்டுமென்றால் அதுதான் கைவசம். அந்தப் பெயருக்கு என்ன அர்த்தம் என்று யோசித்ததுண்டா? டேப் ஆர்கைவ்! பெல் லேப்ஸ் 1979-ல் வெளியிட்ட யூனிக்ஸ் ஏழாம் பதிப்போடு, காந்த நாடாவில் எழுதி வைப்பதற்காக வந்த கட்டளை. இன்றைக்கும் அது 512 பைட் துண்டுகளாகத்தான் எழுதும். வழக்கமாக 20 துண்டு சேர்ந்து 10,240 பைட் ஒரு கட்டு. டேப்பையே பார்க்காத நாமும் அந்த டேப் கணக்கைச் சுமந்துகொண்டுதான் இருக்கிறோம்.

1969-ல் கென் தாம்ப்ஸனும் டென்னிஸ் ரிட்சியும் தொடங்கிய யூனிக்ஸில் ஒரு பெரிய சௌகரியம் உண்டு. எந்தச் சாதனமானாலும் அது ஒரு ஃபைல் மாதிரி தெரியும். டேப் டிரைவும் அப்படித்தான். 'டெவ்' டைரக்டரியில் அதற்கு ஒரு பெயர் இருக்கும். அந்தப் பெயருக்குப் பின்னால் நின்று உண்மையில் வேலை பார்ப்பது டிரைவர் என்ற மென்பொருள். நாடாவைச் சுற்றுவது, எத்தனை பைட் ஒரு கட்டு என்று பார்ப்பது, எங்கே முடிந்தது என்று குறி போடுவது எல்லாம் அதன் பொறுப்பு. ஒரே டிரைவுக்கு இரண்டு பெயர் வேறு. ஒன்றில் எழுதி முடித்தால் நாடா தானாகவே ஆரம்பத்துக்குச் சுற்றிக்கொள்ளும். மற்றதில் நின்ற இடத்திலேயே நிற்கும். பெயரை மாற்றி அடித்தால் இரண்டாவது பேக்கப் முதல் பேக்கப்பின் மேலேயே ஏறிவிடும். அது திரும்ப எடுக்கும் அன்றைக்குத்தான் தெரியும்!

ஆரம்பத்தில் கம்ப்யூட்டரும் டேப்பும் பெரும்பாலும் ஒரே கம்பெனியிடமிருந்து வந்தன. டிரைவரும் கூடவே வந்தது. 3எம் நிறுவனம் 1972-ல் கால் அங்குல நாடா கேட்ரிட்ஜைக் கொண்டுவந்தது. பிறகு பல கம்பெனிகள் டிரைவ் செய்யத் தொடங்கின. 1986-ல் ஸ்கஸி தரநிலை வந்ததும், இனி யாருடைய டிரைவும் யாருடைய மெஷினிலும் ஓடும் என்று நம்பிக்கை பிறந்தது.

கேபிளை மாட்டினால் ஓடிடுமா? பல சமயம் ஓடாது. ஸ்கஸியில் 'நீ யார்?' என்று கேட்டால் டிரைவ் தன் பெயரைச் சொல்லும். ஆனால் கட்டு அளவு, அடர்த்திக் குறியீடு எல்லாம் டிரைவுக்கு டிரைவ் வேறுபடும். அதனால் சன் ஓஎஸ் போன்ற அமைப்புகள் தெரிந்த டிரைவ்களின் பட்டியல் ஒன்றை வைத்திருந்தன. 1987-ல் எக்ஸாபைட்டின் 8 மி.மீ. டிரைவ் வந்தது, 1989-ல் 4 மி.மீ. டிடிஎஸ் வந்தது. புது டிரைவ் பழைய பட்டியலில் எப்படி இருக்கும்? சன் ஓஎஸ் 4-ல் அதைச் சேர்க்க, சி நிரல் ஒன்றைத் திருத்திக் கெர்னலை மறுபடி கட்டி, மெஷினை ரீபூட் செய்ய வேண்டும். 1992-ல் வந்த சோலாரிஸ் 2-ல் ஒரு சாதாரண ஃபைலில் எழுதினால் போதும் என்றானது. அங்கும் ஒரு கண்டிஷன். தயாரிப்பாளர் பெயருக்கு 8 எழுத்து இடம். பெயர் சின்னதாக இருந்தால் மீதியை இடைவெளியால் நிரப்ப வேண்டும். ஒரு இடைவெளி குறைந்தாலும் பொருந்தாது!

1991-ல் லினக்ஸ் பிறந்தது. அதன் ஸ்கஸி டேப் டிரைவரை எழுதியவர் கை மாகிசாரா. இன்னொரு பக்கம், ஃப்ளாப்பி கேபிளில் மாட்டும் மலிவு டேப்கள் இருந்தன. ஃப்ளாப்பியின் தலையை நகர்த்தும் துடிப்புகளை எண்ணித்தான் அவை கட்டளையைப் புரிந்துகொள்ளும். இத்தனை துடிப்பு என்றால் இந்த வேலை என்று கணக்கு. கூட வரும் மென்பொருள் பெரும்பாலும் டாஸுக்கும் விண்டோஸுக்கும்தான். லினக்ஸுக்காகத் தன்னார்வலர்கள் 'எஃப்டேப்' என்று ஒரு டிரைவர் எழுதினார்கள். டிரைவ்கள் வழக்கொழிந்தன, கவனிக்க ஆளில்லாமல் அந்த டிரைவரும் பின்னாளில் கெர்னலிலிருந்து நீக்கப்பட்டது. ஸ்கஸி டிரைவரோ இன்றும் இருக்கிறது. 2000-ல் 100 ஜிகாபைட்டில் தொடங்கிய எல்டிஓ டேப், 2021-ல் ஒன்பதாம் தலைமுறையில் 18 டெராபைட்டைத் தொட்டது. அந்த டிரைவும் லினக்ஸில் அதே டிரைவரில்தான் ஓடுகிறது. பொதுத் தரநிலையைப் பிடித்துக்கொண்டது பிழைத்தது. குறுக்கு வழியில் போனது அநாதையானது.

டேப் பழங்கதை என்று நினைக்க வேண்டாம். 2011 பிப்ரவரியில் ஒரு மென்பொருள் கோளாறால் சுமார் 0.02 சதவீத ஜிமெயில் பயனர்களின் அஞ்சல்கள் காணாமல் போயின. பல இடங்களில் வைத்திருந்த பிரதிகளும் அடிபட்டன. கூகுள் அவற்றை மீட்டது, தொடர்பில் இல்லாமல் தனியே இருந்த டேப்பிலிருந்துதான்.

ஆகவே மூத்த அண்ணன்மார்களுக்கும் அக்காமார்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் அலமாரியில் ஆய்வேட்டோ பழைய ப்ராஜெக்ட்டோ உள்ள கேட்ரிட்ஜ் இருந்தால் இப்போதே வேறிடத்தில் படியெடுத்து வையுங்கள். நாடா நன்றாக இருந்தாலும் டிரைவின் ரப்பர் உருளை பிசினாகிப் போயிருக்கலாம். டிரைவ் கிடைத்தாலும் டிரைவர் இருக்காது. தம்பி தங்கைகளே, நீங்கள் பேக்கப் எடுத்தால் மட்டும் போதாது. வேறொரு மெஷினில் அதைத் திரும்ப எடுத்துப் பாருங்கள். வந்தால்தான் அது பேக்கப்.