கே.யு.எஸ்.சி. (வானொலி)

கே.யு.எஸ்.சி. என்பது ஐக்கிய அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், லாஸ் ஏஞ்சலஸ் நகரிலிருந்து 91.5 மெகா ஹேர்ட்ஸ் பண்பலை அலைவரிசையில் ஒலிபரப்பாகும் வானொலி நிலையம் ஆகும். இது தெற்கு கலிபோர்னியா பல்கலைக்கழகத்திற்குச் சொந்தமானது. மேற்கத்திய செவ்வியல் இசையை முதன்மையாகக் கொண்ட இந்நிலையம் விளம்பரங்களை ஒலிபரப்புவதில்லை. நேயர்களின் நன்கொடையே இதன் முதன்மையான வருவாய் ஆகும்.

1946 ஆம் ஆண்டு ஒரு செல்வந்தரின் கொடையால் தொடங்கப்பட்ட இந்நிலையம், பின்னர் மாணவர் வானொலியாகவும் அதன்பின் செவ்வியல் இசை வானொலியாகவும் மாறியது. வணிக வானொலிகள் செவ்வியல் இசையைக் கைவிட்ட காலத்தில் அவ்விசைக்கு இது இடமளித்தது. 2011 ஆம் ஆண்டு சான் பிரான்சிஸ்கோ நகரில் இதன் உரிமையாளர் மேற்கொண்ட விரிவாக்கம், அங்கு இயங்கிவந்த மற்றொரு பல்கலைக்கழக வானொலி பண்பலையிலிருந்து மறையக் காரணமானது. இதனால் எழுந்த சர்ச்சை, பல்கலைக்கழக வானொலிகள் யாருக்கு உரியவை என்ற கேள்வியைப் பரவலாக எழுப்பியது.

பெயர்

அமெரிக்காவில் ஒவ்வொரு வானொலி நிலையத்திற்கும் ஓர் அழைப்புக்குறி வழங்கப்படுகிறது. மிசிசிப்பி ஆற்றுக்கு மேற்கே உள்ள நிலையங்களின் அழைப்புக்குறி பெரும்பாலும் "கே" என்ற எழுத்திலும், கிழக்கே உள்ளவற்றின் அழைப்புக்குறி "டபிள்யூ" என்ற எழுத்திலும் தொடங்கும். இந்நிலையத்தின் குறியில் "கே" என்பதைத் தொடர்ந்து வரும் "யு.எஸ்.சி." என்ற மூன்று எழுத்துகள், பல்கலைக்கழகத்தின் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகள் ஆகும்.

பின்னணி

இந்தியாவில் அகில இந்திய வானொலி இயங்குவது போல, நாடு முழுவதற்கும் அரசு நடத்தும் உள்நாட்டு வானொலி அமைப்பு அமெரிக்காவில் உருவாகவில்லை. வானொலி தொடக்கம் முதலே பெரும்பாலும் வணிக நிறுவனங்களின் கையில் இருந்தது. கல்வி நிறுவனங்கள் தொடங்கிய நிலையங்கள் பல, நிதிப் பற்றாக்குறையாலும் வணிக நிலையங்களின் போட்டியாலும் மறைந்தன.

இந்நிலையில் 1945 ஆம் ஆண்டு கூட்டாட்சித் தகவல் தொடர்பு ஆணையம் பண்பலை ஒலிபரப்பிற்குப் புதிய அலைவரிசைகளை வகுத்தபோது, 88 முதல் 92 மெகா ஹேர்ட்ஸ் வரையிலான பகுதியை வணிக நோக்கற்ற கல்வி வானொலிகளுக்கென ஒதுக்கியது. இப்பகுதியில் 20 அலைவரிசைகள் உள்ளன. இங்கு உரிமம் பெறும் நிலையம் விளம்பரம் ஒலிபரப்ப இயலாது. ஆகவே இவ்வலைவரிசைகளை வாங்குவோர் பெரும்பாலும் கல்வி, சமய, பொதுநல அமைப்புகளே ஆவர். கே.யு.எஸ்.சி. இந்த ஒதுக்கப்பட்ட பகுதியில் அமைந்துள்ளது.

வரலாறு

தொடக்கம்

கே.யு.எஸ்.சி. 1946 ஆம் ஆண்டு அக்டோபர் 24 அன்று ஒலிபரப்பைத் தொடங்கியது. இதற்கான நிதியை அளித்தவர் ஜார்ஜ் ஆலன் ஹான்காக் (1875–1965). எண்ணெய்த் தொழிலில் பெருஞ்செல்வம் ஈட்டிய இவர் கப்பல் தலைவராகவும் விளங்கினார். "வெலேரோ III" என்ற தமது கப்பலில் அறிவியலாளர்களை கலாபகசுத் தீவுகளுக்கு அழைத்துச் சென்றார். தொல்லுயிர் எச்சங்களுக்குப் புகழ்பெற்ற லா பிரேயா தார்க் குழிகள் அமைந்திருந்த 23 ஏக்கர் நிலத்தை 1924 ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டிக்கு வழங்கியவரும் இவரே. ஹான்காக் செல்லோ இசைக்கருவியை வாசிப்பவர். தமக்கென ஓர் இசைக்குழுவையும் வைத்திருந்தார்.

1946 இல் பண்பலை வானொலிப் பெட்டி வைத்திருந்தோர் மிகச் சிலரே. ஆகவே நேயர்களின் ஆதரவை நம்பி ஒரு பண்பலை நிலையத்தை நடத்துவது அக்காலத்தில் இயலாததாக இருந்தது. ஒரு கொடையாளரின் துணையின்றி இத்தகைய நிலையம் தோன்றுவது அரிதாகும்.

தொலைக்காட்சி முயற்சி

ஒரே கொடையாளரைச் சார்ந்திருப்பதன் இடர், பல்கலைக்கழகத்தின் தொலைக்காட்சி முயற்சியில் வெளிப்பட்டது. 1953 ஆம் ஆண்டின் இறுதியில் ஹான்காக்கின் நிதியுதவியுடன் கே.டி.எச்.இ. என்ற கல்வித் தொலைக்காட்சி நிலையம் 28 ஆம் அலைவரிசையில் தொடங்கப்பட்டது. டெக்சாஸ் மாநிலத்தின் ஹியூஸ்டன் நகரில் அதே ஆண்டு மே மாதம் தொடங்கிய நிலையத்திற்கு அடுத்து, அமெரிக்காவின் இரண்டாவது கல்வித் தொலைக்காட்சி நிலையமாக இது கருதப்படுகிறது. ஹான்காக் தமது ஆதரவை விலக்கிக் கொண்டதால், ஓராண்டு நிறைவதற்குள், 1954 ஆம் ஆண்டு செப்டம்பரில் இந்நிலையம் மூடப்பட்டது. அந்த 28 ஆம் அலைவரிசையில் 1964 ஆம் ஆண்டு கே.சி.இ.டி. என்ற வேறொரு பொதுத் தொலைக்காட்சி நிலையம் தொடங்கியது. வானொலி நிலையம் மட்டும் பல்கலைக்கழகத்தின் கையில் தொடர்ந்து இயங்கியது.

செவ்வியல் இசைக்கு மாற்றம்

அடுத்து வந்த ஆண்டுகளில் கே.யு.எஸ்.சி. மாணவர்கள் நடத்தும் வானொலியாக மாறியது. ராக் இசை அதில் முக்கிய இடம் பெற்றது. 1970களின் தொடக்கத்தில் வாலஸ் ஸ்மித் நிலையத்தின் பொறுப்பை ஏற்றபின், அது செவ்வியல் இசையை ஒலிபரப்பும் முழுநேரத் தொழில்முறை நிலையமாக மாற்றப்பட்டது.

இம்மாற்றத்திற்கு நாட்டளவிலான ஒரு சட்டமும் துணை நின்றது. 1967 ஆம் ஆண்டின் பொது ஒலிபரப்புச் சட்டத்தின் வழியாகப் பொது ஒலிபரப்புக் கழகம் உருவானது. தகுதி பெற்ற வணிக நோக்கற்ற நிலையங்களுக்கு நடுவண் அரசின் நிதியைப் பகிர்ந்தளிப்பது அதன் பணியாக இருந்தது. நிதி பெறுவதற்கு ஊதியம் பெறும் பணியாளர்கள், குறைந்தபட்ச ஒலிபரப்பு நேரம் முதலிய தகுதிகள் தேவைப்பட்டன. இதனால் அமெரிக்காவில் பல பல்கலைக்கழகங்கள் தம் மாணவர் வானொலிகளைத் தொழில்முறை நிலையங்களாக மாற்றின.

மாணவர்கள் இவ்வாறு இழந்த இடத்தை ஈடுசெய்யும் வகையில் தனியே ஒரு மாணவர் வானொலி இயங்கியது. கே.எஸ்.சி.ஆர். என்று அறியப்பட்ட அது, பின்னர் கே.எக்ஸ்.எஸ்.சி. எனப் பெயர் மாற்றம் பெற்றது. எனினும் நகர் முழுவதும் கேட்கக்கூடிய பண்பலை அலைவரிசை அதற்குக் கிடைக்கவில்லை.

பொது வானொலியில் பங்கு

1983 ஆம் ஆண்டு அமெரிக்கன் பப்ளிக் ரேடியோ என்ற நிகழ்ச்சி வழங்கும் அமைப்பை உருவாக்கிய நிலையங்களுள் கே.யு.எஸ்.சி.யும் ஒன்றாகும். இவ்வமைப்பு தேசியப் பொது வானொலிக்கு மாற்றாகத் தோன்றியது. 1994 ஆம் ஆண்டு பப்ளிக் ரேடியோ இன்டர்நேஷனல் எனப் பெயர் மாற்றப்பட்டது.

நாடு முழுவதும் அறியப்பட்ட "மார்க்கெட்பிளேஸ்" என்ற பொருளாதாரச் செய்தி நிகழ்ச்சியை 1990களில் தெற்கு கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் வானொலிப் பிரிவு தயாரித்து வந்தது. 2000 ஆம் ஆண்டு இந்நிகழ்ச்சி மினசோட்டா பொது வானொலியின் வசம் சென்றது.

வணிக நிலையங்களின் மறைவு

லாஸ் ஏஞ்சலஸில் செவ்வியல் இசைக்கு நெடுங்காலம் புகழ்பெற்றிருந்தது கே.எஃப்.ஏ.சி. என்ற வணிக வானொலியே ஆகும். 1931 ஆம் ஆண்டு தொடங்கிய அந்நிலையத்தின் மாலைநேர இசை நிகழ்ச்சியை, தெற்கு கலிபோர்னியா எரிவாயு நிறுவனம் 1940 முதல் பல பத்தாண்டுகள் ஆதரித்தது. 1989 ஆம் ஆண்டு அந்நிலையம் 5.5 கோடி டாலருக்கு விற்கப்பட்டது. புதிய உரிமையாளர் அதே ஆண்டு செப்டம்பர் 20 அன்று செவ்வியல் இசையை நிறுத்தி, வேறு வகை இசைக்கு மாறினார்.

இதன்பின் 105.1 மெகா ஹேர்ட்சில் இயங்கிய மற்றொரு வணிக நிலையம் செவ்வியல் இசையை ஏற்றது. "கே-மொசார்ட்" என அறியப்பட்ட அதுவும் 2007 ஆம் ஆண்டு பிப்ரவரியில் கன்ட்ரி இசைக்கு மாறியது. இவ்வாறு பண்பலையில் செவ்வியல் இசையைத் தாங்கும் பொறுப்பு பெரும்பாலும் கே.யு.எஸ்.சி.யிடம் வந்து சேர்ந்தது.

வணிக வானொலியின் வருவாய் விளம்பரதாரர்களிடமிருந்து வருகிறது. செவ்வியல் இசை நேயர்கள் எண்ணிக்கையில் குறைவு; வயதில் மூத்தவர்கள். இளையோரை நாடும் விளம்பரதாரர்கள் இவர்களை விரும்புவதில்லை. பெருநகரத்தில் ஓர் அலைவரிசையின் சந்தை மதிப்பு உயரும்போது, அதில் செவ்வியல் இசையை ஒலிபரப்புவதை உரிமையாளர்கள் இழப்பாகக் கருதுகின்றனர். விளம்பரத்திற்கு இடமில்லாத ஒதுக்கப்பட்ட அலைவரிசைகளில் இந்த நெருக்கடி குறைவு.

துணை நிலையங்கள்

பண்பலை அலைகள் ஏறத்தாழ நேர்கோட்டில் செல்லக்கூடியவை. மலைகளைக் கடந்து அவை தெளிவாகச் சென்றடைவதில்லை. தெற்கு கலிபோர்னியா மலைகள் நிறைந்த பகுதியாதலால், தவுசண்ட் ஓக்ஸ், பாம் ஸ்பிரிங்ஸ், சாண்டா பார்பரா, மாரோ பே ஆகிய இடங்களில் துணை நிலையங்கள் அமைக்கப்பட்டன. 2014 ஆம் ஆண்டு, சாண்டா பார்பராவில் நீண்ட வரலாறு கொண்ட கே.டி.பி. என்ற செவ்வியல் இசை வானொலி (93.7 மெகா ஹேர்ட்ஸ்) பல்கலைக்கழகத்தின் வசமாயிற்று. அங்கு அதுவரை கே.யு.எஸ்.சி.யை மறு ஒலிபரப்பு செய்துவந்த 88.7 மெகா ஹேர்ட்ஸ் அலைவரிசை, சாண்டா மோனிகா கல்லூரியின் வானொலியான கே.சி.ஆர்.டபிள்யூ.விடம் சென்றது.

சான் பிரான்சிஸ்கோ விரிவாக்கமும் சர்ச்சையும்

சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில் கே.டி.எஃப்.சி. என்ற வணிக வானொலி 102.1 மெகா ஹேர்ட்சில் செவ்வியல் இசையை வழங்கி வந்தது. அதன் உரிமையாளரான என்டர்காம் நிறுவனம் அந்த அலைவரிசையை ராக் இசைக்குப் பயன்படுத்த முடிவு செய்தது. கே.டி.எஃப்.சி. என்ற பெயரையும் செவ்வியல் இசைச் சேவையையும் தெற்கு கலிபோர்னியா பல்கலைக்கழகம் பெற்றுக்கொண்டது. ஆனால் அதனை ஒலிபரப்ப அப்பகுதியில் ஒதுக்கப்பட்ட அலைவரிசை ஒன்று தேவைப்பட்டது.

சான் பிரான்சிஸ்கோ பல்கலைக்கழகம் தனது கே.யு.எஸ்.எஃப். வானொலியின் 90.3 மெகா ஹேர்ட்ஸ் உரிமத்தை 37.5 இலட்சம் டாலருக்கு விற்க ஒப்புக்கொண்டது. 1977 முதல் பண்பலையில் இயங்கிய கே.யு.எஸ்.எஃப்., மாணவர்களும் நகரத் தன்னார்வலர்களும் இணைந்து நடத்திய நிலையமாகும். பங்க் முதலிய இசை வகைகளை அவை பரவலாக அறியப்படாத காலத்திலேயே ஒலிபரப்பியதற்காகவும், பல்வேறு மொழிகளில் நிகழ்ச்சிகள் வழங்கியதற்காகவும் அது அறியப்பட்டது.

2011 ஆம் ஆண்டு சனவரி 18 அன்று காலை, முன்னறிவிப்பின்றி கே.யு.எஸ்.எஃப்.இன் பண்பலை ஒலிபரப்பு நிறுத்தப்பட்டது. விரைவில் அதே அலைவரிசையில் கே.டி.எஃப்.சி.யின் செவ்வியல் இசை ஒலித்தது. தன்னார்வலர்களும் நேயர்களும் போராட்டம் நடத்தினர். உரிம மாற்றத்தை மறுக்குமாறு கூட்டாட்சித் தகவல் தொடர்பு ஆணையத்திடம் மனு அளித்தனர்.

இரு தரப்பு வாதங்களும் பொதுநலத்தையே முன்வைத்தன. விற்பனையை ஆதரித்தோர், வளைகுடாப் பகுதியின் செவ்வியல் இசை வானொலி மறைந்துவிடாமல் காக்க வேறு வழியில்லை என்றனர். எதிர்த்தோர், உள்ளூர் மக்களின் உழைப்பால் வளர்ந்த நிலையத்தை, அவர்களைக் கலந்து பேசாமல், தொலைவிலுள்ள ஒரு நிறுவனத்திற்குப் பல்கலைக்கழகம் விற்றது முறையன்று என்றனர். சட்டப்படி உரிமம் பல்கலைக்கழகத்தின் பெயரிலேயே இருந்தது.

சுமார் ஒன்றரை ஆண்டு கழித்து, 2012 ஆம் ஆண்டு சூனில் ஆணையம் உரிம மாற்றத்திற்கு ஒப்புதல் அளித்தது. ஒப்புதலுக்கு முன்பே நடைமுறைக்கு வந்த இடைக்கால உடன்படிக்கை குறித்த விசாரணையை முடித்துக்கொள்ளும் பொருட்டு 50,000 டாலர் செலுத்தப்பட்டது. சான் பிரான்சிஸ்கோ பல்கலைக்கழகம் கே.யு.எஸ்.எஃப். பெயரில் இணைய வானொலியை நடத்தியது. வெளியேறிய தன்னார்வலர்கள் தனியே இணையத்தில் ஒலிபரப்பி, பின்னாளில் 102.5 மெகா ஹேர்ட்சில் குறைந்த திறன் கொண்ட சமூக வானொலியாக மீண்டும் பண்பலைக்கு வந்தனர்.

பிற்காலத்தில் கே.யு.எஸ்.சி.யும் கே.டி.எஃப்.சி.யும் "கிளாசிக்கல் கலிபோர்னியா" என்ற பொதுப் பெயரின் கீழ் இணைந்து செயல்படத் தொடங்கின.

நிகழ்ச்சிகள்

பாக், மொசார்ட், பேத்தோவன் முதலியோரின் படைப்புகள் முதல் தற்கால இசையமைப்பாளர்களின் ஆக்கங்கள் வரை இந்நிலையத்தில் இடம்பெறுகின்றன. லாஸ் ஏஞ்சலஸ் பில்ஹார்மோனிக் இசைக்குழு, லாஸ் ஏஞ்சலஸ் ஆப்பெரா ஆகியவற்றின் நிகழ்ச்சிகளும் ஒலிபரப்பப்பட்டுள்ளன. 1978 இல் இணைந்த ஜிம் ஸ்வெய்டா, நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக இங்கு அறிவிப்பாளராகப் பணியாற்றி 2022 ஆம் ஆண்டு ஓய்வு பெற்றார். இசைத்தட்டுகளை ஆராயும் அவரது "தி ரெக்கார்ட் ஷெல்ஃப்" நிகழ்ச்சி பரவலாக அறியப்பட்டதாகும்.

நிதி

நிலையம் ஆண்டின் குறிப்பிட்ட நாட்களில் இசைக்கிடையே நேயர்களிடம் நன்கொடை கோருகிறது. நிறுவனங்களும் நிதி அளிக்கலாம். அவற்றின் பெயரை நன்றியுடன் அறிவிக்க அனுமதி உண்டு. ஆனால் பொருளின் விலையைக் கூறுதல், பிற பொருட்களுடன் ஒப்பிடுதல், வாங்குமாறு தூண்டுதல் ஆகியவை விளம்பரமாகக் கருதப்படுவதால் அவற்றிற்கு அனுமதி இல்லை.

2025 ஆம் ஆண்டு சூலையில் அமெரிக்கச் சட்டமன்றம் பொது ஒலிபரப்புக் கழகத்திற்கு இரண்டு ஆண்டுகளுக்கென ஒதுக்கியிருந்த சுமார் 110 கோடி டாலரை இரத்து செய்தது. அடுத்த மாதம் அக்கழகம் தன் பணிகளை முடித்துக்கொள்ளப் போவதாக அறிவித்தது. இதனால் அமெரிக்கப் பொது வானொலிகள் அனைத்தும் நேயர்களின் நன்கொடையை முன்னினும் மிகுதியாகச் சார்ந்திருக்க வேண்டிய நிலை ஏற்பட்டது.

இவற்றையும் பார்க்க

பண்பலை ஒலிபரப்பு
சமூக வானொலி
தெற்கு கலிபோர்னியா பல்கலைக்கழகம்
மேற்கத்திய செவ்வியல் இசை